இடது கீழ்மூலை

உதயசூரியன் எழுதிய ஆங்கிலக் கடிதங்களில் இருபத்தாறு வருஷமாக ஒரு மனிதன்கூட ஒரு காரியமும் செய்ததில்லை. சரக்கு தாமதப்படுத்தப்பட்டது. தவறு கவனிக்கப்படாமல் விடப்பட்டது. வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. யார் தாமதப்படுத்தினார், யார் கவனிக்காமல் விட்டார், வருத்தம் யாருக்கு என்றெல்லாம் கேட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கம்பெனிக் கடிதத்தில் ஆள் நடமாட்டம் கூடாது என்பது அவருடைய கொள்கை.

போர்ட்பிளேர் படகுத்துறையான பீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே மாடியில் இருந்தது ஜம்புலிங்கம் மரைன் ஆபீஸ். மூன்று சரக்குப் படகு, ஒரு பார்ஜ். ஹேவ்லாக் தீவில் கட்டுகிற ரிசார்ட்டுகளுக்குக் கம்பி, சிமெண்டு, டைல்ஸ் ஏற்றிப்போவது தொழில். முதலாளி ஜம்புலிங்கம் தூத்துக்குடிக்காரர். வாயைத் திறந்தால் தமிழும் ஹிந்தியும் கலந்து கொட்டும், ஆங்கிலம் மட்டும் வராது. அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான் உதயசூரியன். முதலாளி "அந்த ரிசார்ட்டுக்காரன் கெடக்கான் கழுத, இந்த வாரம் சரக்கு ஏத்த முடியாதுன்னு சொல்லும்வே" என்பார். அது உதயசூரியன் கையில் போய், "தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் சரக்கை இவ்வாரம் ஏற்ற இயலாமைக்கு வருந்தப்படுகிறது" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அடடா, என்ன மரியாதை!

இந்த வித்தையை அவர் இளவயதில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஆறு வருஷம் டெம்பரரி குமாஸ்தாவாக இருந்தபோது பிடித்துக்கொண்டார். கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கடிதத்தையோ குறிப்பையோ யார் எழுதுகிறாரோ அவர் ஆபீஸ் காப்பியின் இடது கீழ்மூலையில் தன் இனிஷியலைப் போடவேண்டும். கையெழுத்து மேலே பெரியவருடையது, சின்னச் சுழி கீழே எழுதினவருடையது. அங்கே அது சட்டம். தனியார் கம்பெனியில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் உதயசூரியன் விடவில்லை. ஆங்கில யூ, எஸ் இரண்டையும் பின்னி, வால் நீட்டி, ஒரு புள்ளி வைப்பார். வைத்துவிட்டுப் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். இதை நான்தான் எழுதினேன் என்று யாருக்காவது தெரிய வேண்டாமா?

கம்ப்யூட்டரில் உட்காரும் ஷிபா புதிதாகச் சேர்ந்தபோது, "உங்கள் பார்சலை நாங்கள் தொலைத்துவிட்டோம், மன்னிக்கவும்" என்று ஒரு கடிதம் அடித்துவிட்டாள். உதயசூரியனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நாங்கன்னா யாரும்மா? நீயா, நானா, மொதலாளியா?"

"தொலைச்சது நாமதானே ஸார்?"

"பார்சலைக் கண்டுபிடிக்க இயலவில்லைன்னு அடி. அது பாட்டுக்குப் போச்சு, கெடைக்கல, அவ்வளவுதான். இந்த நாங்க, நீங்க எல்லாம் உங்க வீட்டு அடுப்படியில வச்சுக்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. உதயசூரியன் சிரிக்கவில்லை. அவருக்கு அது சாமி காரியம்.

ஜனவரியில் ஒருநாள் குணா மாடியேறி வந்தான். பெரிய படகில் பாரம் தூக்கும் விஞ்ச் பக்கம் நின்று சரக்கு இறக்கி ஏற்றுகிறவன், முப்பத்தொரு வயது. அவனுக்கும் ராமநாதபுரம் பக்கந்தான் பூர்வீகம். ஏதோ சுற்றிவளைத்து உறவு வர, உதயசூரியனை மாமா என்று கூப்பிடுவான். கூப்பிடுவதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் லம்பா லைனில் அவர் வீட்டுக்கு வந்து நல்ல சூரைமீனாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் என்ற விசுவாசம்.

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். இரும்பு இழைத் துண்டு இரண்டு இருந்தது, கையில் குத்தி ரத்தம் வேறு.

"விஞ்ச் வயரு மாமா. நூலு நூலாப் பிரியுது. பாரம் தூக்கும்போது கிர்ருகிர்ருன்னு சத்தம் வருது. மாத்தச் சொல்லி நீங்க எழுதிக் குடுங்க, உங்க எழுத்துன்னா மொதலாளி கேப்பாரு."

உங்க எழுத்துன்னா என்றதில் உதயசூரியன் குளிர்ந்துபோனார். உடனே உள்ளே போய் முதலாளியிடம் சொன்னார்.

ஜம்புலிங்கம் இழைத் துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புது வயரு மெயின்லேண்டுலருந்து கப்பல்ல வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் போட்டை நிறுத்திட்டு நான் என்ன கடல்ல அலை எண்ணவா? இந்த சீசன் ஓடட்டும்வே. மழைக்குப் படகைக் கரையேத்தும்போது பாத்துக்கிடலாம். சலோ, வேலையப் பாரும்."

உதயசூரியன் தன் மேஜைக்கு வந்து பைலில் குறிப்பு எழுதினார். விஞ்ச் வயரின் நிலை குறித்துத் தெரிவிக்கப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, தற்போதைக்கு அதையே தொடர்ந்து உபயோகிக்கலாமென முடிவு செய்யப்பட்டுள்ளது. இட் ஹாஸ் பீன் டிஸைடட். பக்கம் நாற்பத்தொன்று. இடது கீழ்மூலையில் சுழி. பிறகு வெளியே வந்து குணாவின் தோளைத் தட்டி, "மொதலாளி ஒரு சீசன் ஓடட்டும்னுட்டார்டா" என்றார்.

குணா தலையைச் சொறிந்தான். "சரி மாமா. நாங்க கொஞ்சம் ஒதுங்கியே நின்னுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஒதுங்கித்தான் நின்றான் பாவம். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை, கம்பிக்கட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது வயர் அறுந்தது. கட்டு அவன்மேல் விழவில்லை. அறுந்த வயர் சுழன்று வந்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டான். ஜெட்டியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு சாயங்காலம்வரை கிடந்தது, எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் முதலாளி உதயசூரியனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் கறுத்துக் கிடந்தது.

"விசாரணை வருது. கம்பெனி மேல தப்புன்னு வந்தா பர்மிட்டை நிறுத்திப்போடுவான், மூணு படகும் கரையில கெடக்கும். நான் போயிட்டா நீரும் போயிட்டீரு, தெரியுதா? ரிப்போர்ட்டு எழுதும். யாரும் யாருக்கும் எதுவும் சொன்னதா இருக்கப்படாது. எல்லாம் அது பாட்டுக்கு நடந்த மாதிரி இருக்கணும்."

இப்படி ஒரு வேலை கொடுத்தால் வேறு எவனுக்கானாலும் பேனா ஓடியிருக்காது. உதயசூரியனுக்கும் முதல் பத்து நிமிஷம் ஓடவில்லைதான். குணாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. அப்புறம் முதல் வாக்கியம் விழுந்தது, இரண்டாவது விழுந்தது, பிறகு பேனா நிற்கவே இல்லை. பாரம் தூக்கப்படும்போது ஒதுங்கி நிற்கவேண்டும் என ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அறிவுறுத்தல் பின்பற்றப்படவில்லை. உரிய கவனம் செலுத்தப்படவில்லை. மூன்றே வரியில் செத்தவன் தலையில் கட்டியாயிற்று, ஆனால் செத்தவன் பெயர்கூடக் கிடையாது. எழுதி முடித்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

"அறிவுறுத்தப்பட்டிருந்தது சரி, அந்தக் காயிதம் எங்கே?" என்றார் முதலாளி.

"அது இல்லையே ஸார்."

"அப்ப உண்டாக்கும்."

ஜனவரித் தேதி போட்டு ஒரு சர்க்குலர் உண்டாயிற்று. பழக்கதோஷம், அதிலும் மூலையில் சுழி விழுந்தது.

ஒன்று பாக்கி இருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதை ஒப்புக்கொள்வதாகக் குணாவின் மனைவி ரூபாவிடம் ஒரு கையெழுத்து. புரோத்ராபூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தாள், மூன்று வயதுப் பெண்பிள்ளையோடு. பணியில் இறந்தவன் மனைவிக்கு சரக்கு புக்கிங் கவுண்டரில் வேலையும், இருக்கிற குவார்ட்டர்ஸும் தருவது கம்பெனி வழக்கம். ஆனால் அவன் தப்பால் செத்தான் என்று ஆனால் இரண்டும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டைத் தவிர இந்தத் தீவில் வேறு பிடிமானம் இல்லை. அப்பன் ஆத்தா இங்கேயே பிறந்து இங்கேயே செத்துப்போனார்கள். மெயின்லேண்டில் அவளுக்குத் தெரிந்த ஒரு தெருகூட இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உதயசூரியன் பேப்பரோடு போனார். ரூபா டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

"இதுல என்ன மாமா எழுதியிருக்கு?"

"நடந்தது நடந்தபடி எழுதியிருக்கும்மா. எதிர்பாராம நடந்திருச்சு, அவ்வளவுதான்."

"அவரு மேல தப்புன்னு இருக்கா?"

"யாரு மேலயும் இல்ல. பாரு, யாரு பேராவது இருக்கா இதுல?"

அவள் பேப்பரை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். குணா என்ற பெயரைத் தேடினாள். இல்லை. அவளுக்கு ஹிந்தியில் எழுதப் படிக்க நன்றாக வரும், தமிழ் சுமாராக, ஆங்கிலத்தில் பெயர் கண்டுபிடிக்கிற அளவுதான். தலையை நிமிர்த்தினாள்.

"வயரு கெட்டுப்போச்சுன்னு அவரு உங்ககிட்ட வந்து சொன்னாருல்ல? கையில ரத்தத்தோட? அது இருக்கா மாமா?"

உதயசூரியன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலம்மா."

ரூபா அவரையே பார்த்தாள். கத்துவாள், அழுவாள், கையில் இருந்ததைத் தூக்கி எறிவாள் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை அவள்.

"சொல்லலையா?"

"இல்லம்மா. யாரும் சொல்லல." இரண்டாம் தடவை சொல்லும்போது சுலபமாகவே வந்தது. "நீ கையெழுத்துப் போட்டாத்தான் கவுண்டர் வேலைக்கு நான் பேப்பர் நகர்த்த முடியும். வேற கேள்வி எல்லாம் வேண்டாம், புள்ளைய நெனச்சுக்க."

அச்சா என்றாள். பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சமையல் மேடைமேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ரூபா குணா என்று ஹிந்தியில். உதயசூரியன் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அப்பாடா என்று இருந்தது அவருக்கு. நெஞ்சழுத்தக்காரி, அழக்கூட இல்லையே என்று அவளைத்தான் குறை நினைத்தார். இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது!

விசாரணை மே மாதத்தில் வந்தது. அதற்கு முந்தினநாள் முதலாளி, "வேண்டிய காயிதத்தை மட்டும் எடுத்துட்டு வாரும்" என்று சொல்லித்தான் இருந்தார். உதயசூரியன் பைலைப் பிரித்தார். ஜனவரிக் குறிப்பு, பக்கம் நாற்பத்தொன்று, அதை எடுத்துவிடலாம் என்று கை போனது. எடுத்தால் நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்திரண்டு வரும். இருபத்தாறு வருஷத்தில் அவர் பைல் ஒன்றில்கூடப் பக்க எண் தாண்டினதில்லை. ஓட்டை விழுந்த பைலை ஒரு அதிகாரி முன்னால் கொண்டுபோய் வைக்கிறதா? பல்லில்லாத வாயைக் காட்டுவது மாதிரி அல்லவா இருக்கும்! மேலும் பயப்பட அதில் என்ன இருக்கிறது? தெரிவிக்கப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, முடிவு செய்யப்பட்டது. ஆள் யார் அதில்? தானே எழுதியதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. ஒன்று முதல் அறுபத்துநாலு வரை ஒழுங்காக அடுக்கி, நாடா கட்டிக் கொண்டுபோனார்.

விசாரணை அதிகாரி ஒரு பெங்காலி அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் படித்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம் முதலாளி, உதயசூரியன். அந்தப் பக்கம் பிள்ளையோடு ரூபா. அவளுக்குப் புரிய வேண்டும் என்று அந்த அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கேதான் உதயசூரியனுக்கு வினை வந்தது. அவர் ஆங்கிலத்தில் கட்டின வேலியெல்லாம் தீவு ஹிந்தியில் பொத்தென்று விழுந்தது. ஒதுங்கி நிற்கச் சொன்னார்களாம், உன் புருஷன் கேட்கவில்லையாம், கவனமாக இல்லையாம், இதை நீயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாயே அம்மா, சரிதானா?

ரூபா உதயசூரியனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முஜே ஐஸா நஹீ பதாயா, மேடம்" என்றாள். தனக்கு இப்படிச் சொல்லப்படவில்லை என்று.

அதிகாரி ம் என்றாள். பக்கம் புரட்டினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அங்கே நின்றாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஜனவரியிலேயே வயர் கெட்டது தெரியுமா உங்களுக்கு?"

முதலாளியின் கழுத்து மெல்லத் திரும்பி உதயசூரியன் பக்கம் வந்தது. அந்தப் பார்வைக்குப் பாம்பு தேவலை.

"தெரிவிக்கப்பட்டதுன்னா, யார் தெரிவிச்சது?" ஹிந்தியில் கிஸ்னே, கிஸ்னே என்று அந்த அம்மாள் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் தட்டினாள். யார் பரிசீலித்தது? யார் முடிவு செய்தது? சர்க்குலரை யார் போட்டது? யாரும் இல்லையா? பேய் வந்து கம்பெனி நடத்துகிறதா இங்கே?

அப்போது அந்தப் பென்சில் காகிதத்தின் கீழே இறங்கியது. இடது மூலையில் நின்றது. அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். சர்க்குலரைப் புரட்டிப் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. ரிப்போர்ட்டில் இருந்தது. ரூபா கையெழுத்துப் போட்ட பேப்பரின் காப்பியில் இருந்தது. அறுபத்துநாலு பக்கத்திலும் வால் நீட்டி, புள்ளி வைத்து, ஒரே கை.

"யே கோன் ஹை? இது யாரு?"

ஜம்புலிங்கம் தொழிலில் முப்பது வருஷம் பழுத்தவர். வழி கிடைத்ததைக் கண்டுகொள்ள அவருக்கு ஒரு நொடி போதும். கையைக் கூப்பிக்கொண்டார்.

"இவர்தான் மேடம், எங்க ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஊருக்கே தெரியும். ஆபீஸ் பூராம் இவரு கையிலதான். வைக்கிற பேப்பர்ல கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இந்த ஜனவரிக் குறிப்புல பாருங்க, என் கையெழுத்தே கிடையாது. வயரு மேட்டரே எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது." கடைசி வாக்கியத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"ஸார்!" உதயசூரியன் எழுந்தே விட்டார். "நீங்கதான ஸார் சொன்னீங்க, ஒரு சீசன் ஓடட்டும்னு? மேடம், இவருதான் சொன்னாரு. நான் வெறும் எழுதறவன், சொன்னதை எழுதறவன்!"

"அவர் சொன்னார்ன்னு எங்கே எழுதியிருக்கு?" என்றாள் அதிகாரி.

உதயசூரியன் பைலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினார். எங்கே இருக்கும்? இருபத்தாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரே துடைத்துத் துடைத்து எடுத்ததல்லவா அது? முதலாளி என்ற சொல் அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. விரல்கள் வேர்த்துக் காகிதத்தில் ஒட்டின. அப்போதுதான் அவருக்கு ரூபாவின் ஞாபகம் வந்தது. குணாவிடம் தாமே சொன்னாரே, மொதலாளி ஒரு சீசன் ஓடட்டும்னுட்டார்டா என்று! வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லாமலா இருந்திருப்பான்?

"இந்தப் பொண்ணுக்குத் தெரியும் மேடம்! இவ வீட்டுக்காரன்கிட்ட அன்னைக்கே சொன்னேன். ரூபா, சொல்லும்மா. குணா உங்கிட்ட சொல்லியிருப்பான்ல? மொதலாளிதான் ஓடட்டும்னு சொன்னாருன்னு? சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

குணா சொல்லியிருந்தான். அந்த ஜனவரி நாளிலேயே, கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிடும்போதே அவளிடம் சொல்லியிருந்தான். ரூபாவின் முகத்தைப் பார்த்தபோதே அது உதயசூரியனுக்குத் தெரிந்தது. ஐயோ அப்பா என்று அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி ரூபாவிடம் கேட்டாள். உன் புருஷன் யாரிடம் போய்ச் சொன்னதாகச் சொன்னான்?

"இவருகிட்ட" என்றாள் ரூபா. விரலை நீட்டவில்லை, மோவாயால் காட்டினாள். "வயரு பிரியுதுன்னு இவருகிட்டதான் போயி சொன்னாரு. கையில ரத்தத்தோட."

"அப்புறம்? முடிவு பண்ணது யாருன்னு சொன்னாரா?"

ரூபா பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எதிரே முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் குவார்ட்டர்ஸ் இருந்தது, கவுண்டர் இருந்தது. உதயசூரியன் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பார்த்தது முதலாளியை அல்ல. உதயசூரியனை நேராகப் பார்த்துக்கொண்டு, அவருக்கு உறைக்கவேண்டும் என்றே தமிழில் சொன்னாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லல."

பிறகு அதையே அதிகாரிக்கு ஹிந்தியில் சொன்னாள்.

உதயசூரியன் உட்கார்ந்துவிட்டார். பொய் என்று கத்த வாய் வந்தது. எந்த வாயால் கத்துவது? டீ குடித்துக்கொண்டே அதே மூன்று சொல்லைச் சொன்ன வாய் அல்லவா?

விசாரணை முடிவு ஒரு மாதத்தில் வந்தது. குணாமேல் தப்பில்லை. அபாயம் தெரிவிக்கப்பட்டும் வயரைத் தொடர்ந்து உபயோகிக்க முடிவு எடுத்தவரும், பொய்த் தேதியில் சர்க்குலர் தயாரித்தவரும், விதவையை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவரும் அலுவலகக் கண்காணிப்பாளர் உதயசூரியன் என்று பச்சையாகப் பெயர் போட்டு எழுதியிருந்தது. அவர் வாழ்நாளில் ஆங்கிலக் காகிதத்தில் ஒரு மனிதன் இத்தனை காரியம் செய்து அவர் பார்த்ததே இல்லை. போலீஸ் கேஸ் தனி. படகுகள் ஓடின. பெரிய படகுக்குப் புது வயர் மாட்டி, முதலாளி அதற்குத் தேங்காய் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். ரூபா கவுண்டரில் உட்கார்ந்தாள். ஒருநாள் உதயசூரியன் அந்தப் பக்கம் போய்க் கவுண்டர் முன்னால் நின்றபோது அவள் கம்பிக்குப் பின்னாலிருந்து, நெக்ஸ்ட் என்றாள், அவ்வளவுதான். பின்னால் நின்றவர் அவரை இடித்துக்கொண்டு முன்னே போனார்.

அதற்கடுத்த வாரம் ஷிபா ஸ்கூட்டியில் லம்பா லைனுக்கு வந்தாள். உதயசூரியன் லுங்கியோடு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முகத்தைப் பார்க்காமல் ஒரு கவரை நீட்டினாள்.

"மொதலாளி சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன் ஸார். ஆபீஸ் காப்பியில நீங்க வாங்கிட்டதாக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மாப் கீஜியே ஸார், மன்னிச்சிருங்க."

அவர் பிரித்துப் படித்தார். உதயசூரியன் ஆகிய உங்களை நாங்கள் வேலையிலிருந்து நீக்குகிறோம், நீங்கள் கம்பெனியை ஏமாற்றினீர்கள், இனி ஆபீஸ் பக்கம் வராதீர்கள் என்று ஷிபாவின் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. ஷிபா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"நாங்களா?" என்றார். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு? நாங்க நீக்குறோமாம், நீங்க ஏமாத்துனீங்களாம். சந்தைக்கடையா இது? கம்பெனி லெட்டர் இப்படியா இருக்கும்? பேனா குடு."

கொடுத்தாள். அவர் தொடைமேல் செய்தித்தாளை மடித்து வைத்து, அதன்மேல் ஆபீஸ் காப்பியைப் போட்டுக்கொண்டு அடித்துத் திருத்தினார். தங்கள் சேவை இனித் தேவைப்படாது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. அலுவலக வளாகத்துக்கு வருவது தவிர்க்கப்படலாம். இதுவரை ஆற்றப்பட்ட பணி பாராட்டப்படுகிறது. கடைசி வரி ஷிபாவின் கடிதத்தில் இல்லை. அவராகச் சேர்த்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். ஒரு மனிதன்கூட இல்லை. சுத்தமாக இருந்தது.

"இப்படி அடிச்சு அனுப்பணும். புரியுதா?"

"சரி ஸார்." அவள் பேப்பருக்குக் கை நீட்டினாள்.

"இரும்மா." அவர் கை தானாக இடது கீழ்மூலைக்குப் போயிருந்தது. யூவும் எஸ்ஸும் பின்னி, வால் நீட்டி, புள்ளி வைத்தார்.

"அய்யோ, இதுல எதுக்கு ஸார் அது?" என்றாள் ஷிபா. குரல் உடைந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

"டிராஃப்ட் போட்டவன் போடணும்மா" என்று சொல்லி உதயசூரியன் பேப்பரை அவளிடம் கொடுத்தார்.